மெஸ்ஸீனியா: பேரேடும் காவியமும்

எங்கள் கிளையின் ரெக்கார்டு ரூமைக் காலி செய்ய வேண்டும் என்று சென்ற வருஷம் உத்தரவு வந்தது. கம்ப்யூட்டருக்கு முந்திய காலத்துப் பேரேடுகள், வவுச்சர் கட்டுகள், வைத்திருக்க வேண்டிய கெடு முடிந்தவை எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, அரைக்கிற ஆலைக்கு அனுப்ப வேண்டும். இரண்டு சனிக்கிழமைகள் அந்தப் புழுதியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நகைக்கடன் பேரேட்டில் ஒரே பெண்ணின் பெயர் பதினோரு தடவை வந்தது. ஒரே சங்கிலி, வைப்பது, மீட்பது, மறுபடி வைப்பது. கடைசி வரியில் ‘ஏலம்’ என்று சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் யாரோ ஒரு குமாஸ்தா இனிஷியல் போட்டிருந்தார். அந்தப் பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி அநேகமாக அந்தப் பக்கம்தான். அதை எழுதியவருக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்திருக்க முடியாது. அவருக்கு அன்றைய கணக்கு நேராக வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் நான் மெஸ்ஸீனியாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். கிரேக்க நாட்டின் தெற்கே பெலொப்பொனீஸ் தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிற பிரதேசம் அது. நான் அங்கே போனதில்லை. கல்லூரியில் ஹோமரை மொழிபெயர்ப்பில் படித்தபோது, தகப்பனைத் தேடிக் கிளம்பும் டெலெமக்கஸ் முதலில் போய்ச் சேரும் பைலோஸ், அங்கே ஆளும் கிழவர் நெஸ்டர் என்ற அளவில்தான் எனக்குப் பரிச்சயம். இப்போது அந்தப் பிரதேசத்தின் அகழ்வு இடங்களைப் பற்றித் தொடர்ந்து படித்த பிறகு, இறந்தகாலம் என்பதைப் பற்றி நான் வைத்திருந்த சில அபிப்பிராயங்களைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மெஸ்ஸீனியாவில் ஒரே மண்ணில் மூன்று விதமான இறந்தகாலங்கள் கிடக்கின்றன. ஒன்று, குமாஸ்தாக்கள் எழுதியது. இன்னொன்று, யாரும் எழுதாதது. மூன்றாவது, விடுதலை பெற்றவர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டது.

1

1939 ஏப்ரல் 4ஆம் தேதி, ஆனோ எங்லியானோஸ் என்ற குன்றின்மேல், ஆலிவ் மரங்களுக்கு நடுவே கார்ல் பிளேகன் என்ற அமெரிக்கர் முதல் குழியை வெட்ட ஆரம்பித்தார். கூட்டாளி, கிரேக்கரான கொன்ஸ்டன்டினோஸ் குரூனியோட்டிஸ். நெஸ்டரின் அரண்மனையைத் தேடிப் போனவர்களுக்கு முதல் நாளே கிடைத்தது ஒரு கணக்கறை. அந்த ஒரு பருவத்தில் 600க்கும் மேற்பட்ட களிமண் பலகைகளும் துண்டுகளும் வெளிவந்தன. அவற்றில் இருந்தது லீனியர் பி என்ற லிபி. அன்று உலகத்தில் யாருக்கும் வாசிக்கத் தெரியாதது. உடனே யுத்தம் வந்தது. யுத்தகாலம் முழுவதும் பலகைகள் ஏதென்ஸில் கிரேக்க வங்கியின் பெட்டக அறையில் இருந்தன. என் தொழில்காரர்கள் இந்த விஷயத்தில் செய்த ஒரே புண்ணியம் இது என்று நினைக்கிறேன்.

வாசிக்கப்பட்ட கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆலிஸ் கோபர் என்ற அமெரிக்கப் பேராசிரியை, சொற்களின் முடிவுகள் ஒழுங்காக மாறுவதைக் கவனித்து, இது வேற்றுமை உருபுகள் ஏற்கும் மொழி என்று காட்டினார், 1950இல் இறந்துபோனார். எம்மெட் பென்னெட் பைலோஸ் பலகைகளின் பிரதிகளை 1951இல் வெளியிட்டார். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ், தொழிலால் கட்டிடக் கலைஞர், இந்த லிபியின் மொழி கிரேக்கமே என்று அறிவித்தார். 1952இல் பிளேகன் மறுபடி தோண்டி எடுத்த ஒரு பலகையில் முக்காலிப் பாத்திரங்களும், நான்கு காது, மூன்று காது வைத்த சாடிகளும், காதே இல்லாத சாடியும் வரையப்பட்டிருந்தன. வென்ட்ரிஸின் முறைப்படி வாசித்தால் பக்கத்துச் சொற்கள் அதையே சொல்லின. சந்தேகப்பட்டவர்கள் பெரும்பாலும் அடங்கினார்கள்.

வாசித்ததும் வந்தது ஏமாற்றம். காவியம் இல்லை, சாசனம் இல்லை, கடிதம்கூட இல்லை. ஆடு, ஆளிநார், வெண்கலம், எண்ணெய், நிலக்குத்தகை. ஹோமர் பாடிய நெஸ்டர் என்ற அரசனை ஒரு பலகையும் சொல்லவில்லை. அரண்மனையில் ஓவியம் தீட்டிய சுடுமண் குளியல் தொட்டி ஒன்று கிடைத்தது. டெலெமக்கஸ் பைலோஸில் குளிப்பாட்டப்பட்ட காட்சி ஞாபகம் வராமல் இருக்காது. ஆனால் வேறொரு அறையிலிருந்து கிடைத்த உண்மையான தகவல் வேறு: ஒரு சிறிய பாத்திர அறையில் காம்பு வைத்த மதுக்கிண்ணங்கள் 2,853. காவியம் ஒரு கிண்ணத்தை வர்ணிக்கும். குமாஸ்தா எல்லாவற்றையும் எண்ணுவான்.

சிறிய பலகைகளின் வடிவத்தை ஆராய்ச்சியாளர்கள் பனையோலை வடிவம் என்றே சொல்கிறார்கள். ஈரக் களிமண்ணில் எழுதி வெயிலில் உலர்த்தியவை. சுட்டு வைக்கவில்லை, வைக்கும் உத்தேசமும் இல்லை. கி.மு. 1200ஐ ஒட்டி அரண்மனை எரிந்தபோது, எண்ணெய் ஜாடிகளின் தீயில் அவை வெந்து இறுகின. காகிதப் பேரேட்டைத் தின்னும் நெருப்பு இந்தப் பேரேட்டைக் காப்பாற்றியது. ஆகவே நம் கையில் இருப்பது ஒரு ராஜ்யத்தின் சரித்திரம் அல்ல. அதன் கடைசி வருஷத்துக் கணக்கு. பலகைகளில் ‘போன வருஷம்’, ‘இந்த வருஷம்’, ‘அடுத்த வருஷம்’ என்ற சொற்கள் வருகின்றன. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு என்று ஒரு இடத்திலும் இல்லை. கணக்கு மூடியதும் அந்த வருஷமே இல்லாமல் போய்விடும் என்கிற மனோபாவம். ‘நிலுவை’ என்பதற்கு ஒரு சொல் உண்டு. அதை எழுதி எழுதிச் சலித்து முதல் எழுத்தை மட்டும் போடுகிறார்கள். எந்தக் கவுண்டரிலும் நடக்கிற காரியம்தான்.

எழுதியவர்களின் கைகளை இரண்டு மூன்று டஜன் வரை பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவனும் தன் பெயரை எழுதவில்லை. ‘முதல் கை’, ‘இரண்டாம் கை’ என்றுதான் அவர்களுக்குப் பெயர். களிமண்ணைத் தட்டியவர்களின் உள்ளங்கை ரேகைகள் மட்டும் பலகைகளில் பதிந்திருக்கின்றன.

இந்தக் கணக்குகளில் இரண்டு இடங்களில் நான் நின்றுவிட்டேன்.

ஒன்று, எரிதா என்ற பூசாரிணியின் நிலம். அந்த நிலம் தெய்வத்துக்கு உரிய சலுகை நிலம் என்று அவள் சொல்கிறாள். இல்லை, மற்றவர்களைப் போல் குத்தகைக்குத்தான் வைத்திருக்கிறாள் என்று ஊர் சொல்கிறது. ஊர் என்பதற்கு அங்கே உள்ள சொல் ‘தாமோஸ்’. பின்னால் ஜனநாயகம் என்ற சொல் பிறந்த வேர். குமாஸ்தா இரண்டு பக்கத்து வாதத்தையும் அடுத்தடுத்து எழுதுகிறான், தீர்ப்பு இல்லை. ஐரோப்பாவில் எழுத்தில் கேட்கும் மிகப் பழைய சச்சரவுகளில் ஒன்று இப்படி ஒரு நில அளவைப் பட்டியலின் நடுவே உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, பெண்கள். அரண்மனையைச் சார்ந்து வேலை செய்த 700க்கும் மேற்பட்ட பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் குழுக் குழுவாகப் பட்டியலாகியிருக்கிறார்கள். நூற்பவர்கள், ஆளிநார் வேலைக்காரிகள், மாவரைப்பவர்கள், குளியலறைப் பணிப்பெண்கள். சில குழுக்களுக்கு ஊர்தான் பெயர்: மிலெட்டஸ்காரிகள், நிடோஸ்காரிகள், லெம்னோஸ்காரிகள். எல்லாம் கடலுக்கு அப்பால், கிழக்கே. ஒரு குழுவுக்கு ‘பிடித்துவரப்பட்டவர்கள்’ என்றே பொருள் கொள்ளத்தக்க பெயர். இவர்களுக்கு மாதப்படி கோதுமை, அதே அளவு அத்திப்பழம். அவ்வளவுதான் தகவல். ஹோமரில் வெற்றிபெற்றவன் பங்காகப் பெண்ணைக் கொண்டுபோகிறான். கொண்டுபோன பிறகு அவள் என்ன சாப்பிட்டாள் என்பது இங்கேதான் தெரிகிறது.

கடைசியாக ஒரு பலகைத் தொடர்: கடலோரத்தைக் காவலர்கள் எப்படிக் காக்கிறார்கள் என்ற தலைப்பில் ஆரம்பித்து, பகுதி பகுதியாக மொத்தம் சுமார் 800 பேரை நிறுத்துகிறது. வரப்போகும் ஆபத்தின் அறிகுறி என்று சிலர், வழக்கமான காவல் என்று சிலர். எதுவானாலும் அரண்மனை எரிந்தது, மறுபடி கட்டப்படவில்லை. எழுத்தும் அதோடு போயிற்று.

2

அரண்மனைக்கு அருகே 2015இல் ஷரோன் ஸ்டாக்கரும் ஜாக் டேவிஸும் கண்டுபிடித்த வீரனின் கல்லறை பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. கி.மு. 1450ஐ ஒட்டியது; பொன் மோதிரங்கள், தந்தம், வாள், 4 சென்டிமீட்டர்கூட நீளமில்லாத கல்லில் நம்பமுடியாத நுணுக்கத்தோடு செதுக்கிய ஒரு சண்டை. பொன் கிடைத்தால் பத்திரிகை எழுதும். ஆனால் மெஸ்ஸீனியாவின் மையமான பிரச்சினை பொன் கிடைக்காத நூற்றாண்டுகளில்தான் இருக்கிறது.

அரண்மனை விழுந்த பின் குடியிருப்புகள் வெகுவாகக் குறைந்தன. 1969லிருந்து 1975 வரை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் தோண்டிய நிகோரியா, இருண்ட காலத்திலும் ஜனங்கள் வாழ்ந்த கிராமம். வளைந்த முடிவு கொண்ட ஒரு பெரிய வீடு, ஊர்த் தலைவனுடையதாக இருக்கலாம். சுற்றிலும் மாடு மேய்த்த ஜனங்கள். கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுவில் அதுவும் முடிந்தது. அந்த நூற்றாண்டிலிருந்து டெய்கெட்டஸ் மலைக்கு அப்பாலிருந்த ஸ்பார்ட்டா இந்தப் பிரதேசத்தைப் பிடித்துக்கொண்டது. நிலத்தை உழுதவர்கள் ஹெலட் என்ற அடிமைகள் ஆனார்கள். விளைச்சலில் பாதி எஜமானனுக்கு என்பது ஸ்பார்ட்டாவின் சொந்தக் கவி டிர்டேயஸ் சொல்லித் தெரியும் செய்தி. இது கி.மு. 369 வரை, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இந்த முந்நூறு ஆண்டுகளில் ஹெலட்டுகள் எழுதியது ஒன்றும் நமக்கு இல்லை. எழுதியவர்கள் எல்லாரும் வெளியார். துசிடிடீஸ் ஒரு சம்பவம் சொல்கிறார். யுத்தத்தில் தங்களுக்காகச் சிறப்பாகப் போரிட்டதாகக் கருதுகிறவர்கள் முன்வரலாம், விடுதலை உண்டு என்று ஸ்பார்ட்டா அறிவித்தது. 2,000 ஹெலட்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, மாலை சூடி, கோயில்களைச் சுற்றிவந்தார்கள். பிறகு அவர்கள் காணாமல் போனார்கள். ஒவ்வொருவனும் எப்படி முடிந்தான் என்று யாருக்கும் தெரியாது. இது அப்படியே நடந்ததா என்று சந்தேகிக்கும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. எண்ணிக்கை இருக்கிறது, ஒரு பெயர் இல்லை. பைலோஸ் குமாஸ்தாவாவது மாட்டுக்காரன் பெயரை எழுதினான்.

கி.மு. 464இல் பூகம்பம் ஸ்பார்ட்டாவைக் குலைத்தபோது ஹெலட்டுகள் எழுந்து இதோமே மலையில் ஏறிக்கொண்டார்கள். பல வருஷ முற்றுகைக்குப் பிறகு பெலொப்பொனீஸை விட்டுப் போய்விட வேண்டும், திரும்பி வந்தால் பிடித்தவனுக்கு அடிமை என்ற நிபந்தனையில் இறங்கினார்கள். ஏதென்ஸ் அவர்களை நாபாக்டஸ் துறைமுகத்தில் குடியேற்றியது. கி.மு. 425இல், பழைய அரண்மனைக் குன்றிலிருந்து பார்த்தால் தெற்கே தெரியும் வளைகுடாவில், ஸ்ஃபாக்டீரியா தீவில் ஸ்பார்ட்டாவின் படை ஏதென்ஸிடம் மாட்டிக்கொண்டது. பாறைகளினூடே பின்புறம் ஏற வழி காட்டியது ஒரு மெஸ்ஸீனியத் தளபதி. 292 பேர் சரணடைந்தார்கள். துசிடிடீஸ் அந்தத் தளபதியின் பெயரைச் சொல்லவில்லை.

இந்த அகதிகள்தான் முதலில் கல்லில் எழுதினார்கள். ஒலிம்பியாவில் சுமார் 9 மீட்டர் உயரத் தூண்மேல் பையோனியஸ் செதுக்கிய வெற்றி தேவதை, மெஸ்ஸீனியர்களும் நாபாக்டியர்களும் பகைவரிடம் எடுத்ததில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டு வைத்தது. பகைவர் யார் என்று கல் சொல்லவில்லை. ஸ்பார்ட்டாவுக்குப் பயந்து பெயரைப் போடாமல் விட்டதாக மெஸ்ஸீனியர்களே சொன்னார்கள் என்று பின்னால் வந்த பயணி பாசேனியஸ் எழுதியிருக்கிறார். இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. வெற்றிச் சின்னத்திலும் ஒரு வெற்றிடம்.

எழுத்து இல்லாதவர்கள் வேறு விதமாக ஏதோ செய்திருக்கிறார்கள். வோலிமிடியாவில் மரினாடோஸ் தோண்டிய பழைய அறைக்கல்லறைகளில், அவை கட்டப்பட்டுப் பல நூற்றாண்டுகளுக்குப் பிந்திய கிண்ணங்களும் படையல்களும் கிடைத்தன. ஸ்பார்ட்டா ஆண்ட காலத்திலும் அதற்குப் பின்னும் வைக்கப்பட்டவை. நிகோரியாவின் குவிமாடக் கல்லறை ஒன்றிலும் கிளாசிகல் காலத்துப் பாண்டங்கள். கல்லறைக்காரர்களின் பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வைத்தவர்கள் ஹெலட்டுகளா, ஸ்பார்ட்டாவுக்கு அடங்கிய ஊர்களின் சுதந்திர ஜனங்களா என்று விவாதம் நடக்கிறது. யாராக இருந்தாலும், இந்த மண்ணில் எங்களுக்கு முன் எங்களவர்கள் இருந்தார்கள் என்பதை ஒரு கிண்ணம் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அதைவிட அதிகமாகச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பில்லை.

3

கி.மு. 371இல் லூக்ட்ராவில் ஸ்பார்ட்டாவை முறியடித்த தீப்ஸ் நகரத் தளபதி எபமினோண்டாஸ், இரண்டு வருஷம் கழித்து இதோமே மலையடியில் மெஸ்ஸீனே என்ற நகரத்தை நிறுவினான். சுமார் 9 கிலோமீட்டர் சுற்றும் மதில். அதன் வடக்கில், உள்ளே வட்ட முற்றம் கொண்ட ஆர்க்கேடிய வாயில் கிரேக்கக் கோட்டைக் கட்டுமானத்தின் உச்சங்களில் ஒன்று. 1980களின் பிற்பகுதியிலிருந்து பெட்ரோஸ் தெமெலிஸ் பல்லாண்டுகள் தோண்டியதில் சந்தை, அரங்கு, அஸ்க்ளெப்பியஸ் கோயில், விளையாட்டு மைதானம் எல்லாம் வெளிவந்து ஒரு முழு நகரமே காணக் கிடைக்கிறது.

ஆனால் மதில் மட்டும் போதவில்லை. நகரத்துக்கு இறந்தகாலம் வேண்டியிருந்தது. பாசேனியஸ் சொல்வதன்படி, அஸ்திவாரத்துக்கு முன் பழைய வீரர்களைத் திரும்பி வரும்படி பெயர் சொல்லி அழைத்தார்கள். எல்லாரும் உரக்க அழைத்தது அரிஸ்டோமெனிஸை, ஸ்பார்ட்டாவை எதிர்த்த கதைகளின் நாயகனை. அதோடு ஒரு அகழ்வாராய்ச்சியும் நடந்தது. ஒரு தளபதியின் கனவில் வந்த கட்டளைப்படி இதோமே மலையில் தோண்டினார்கள். வெண்கலக் குடம் ஒன்று கிடைத்தது. அதற்குள் மெல்லிய தகரத்தில் எழுதிச் சுருட்டிய சுவடி: மகா தேவியரின் ரகசியச் சடங்குகள். தோல்விக்கு முன் அரிஸ்டோமெனிஸ் புதைத்து வைத்ததாம்.

அரிஸ்டோமெனிஸின் சரித்திரத்துக்கு பாசேனியஸ் நம்பியது கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ரியானஸ் எழுதிய காவியத்தை. மெஸ்ஸீனிய அடையாளமே பெரும்பகுதி பின்னால் உருவாக்கிக்கொண்டது என்று நீனோ லுராகி 2008இல் ஒரு புத்தகமே எழுதினார். ஸ்பார்ட்டாக்காரர்கள் அதை அன்றே சொல்லிவிட்டார்கள்: இவர்கள் மெஸ்ஸீனியர்கள் அல்ல, எங்கள் அடிமைகள். சரித்திர ஆசிரியரின் விசாரணையும் எஜமானனின் ஏளனமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லக்கூடும் என்பது எனக்குப் புதிது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். ஆவணம் எதுவும் இல்லாத தன் மூதாதையர்களைக் கவிஞர் வீரர்களாகப் பாடியிருந்தார். ‘சரக்கில்லாத பழம்பெருமை’ என்று இரண்டு வரியில் முடித்தேன். கவிதை மோசம் என்பதில் இப்போதும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான் கவிதையை அளக்கவில்லை, ஆவணம் கேட்டேன். ஆவணம் யாரிடம் இருக்கும், யாரிடம் இருக்காது என்று கேட்டுக்கொள்ளவில்லை. தகரச் சுவடி பொய்யாக இருக்கலாம். அந்தக் குழியைத் தோண்டும்படி நேர்ந்த தேவை பொய் அல்ல. எழுதவிடாமல் வைக்கப்பட்டவர்கள், புதைத்து வைத்த ஒரு புத்தகத்தைக் கனவு காண்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இதோடு நிறுத்தினால் சௌகரியமாக இருக்கும். ஆனால் இன்னொரு கல் இருக்கிறது. அதே மகா தேவியரின் சடங்குகளுக்காக அண்டானியாவில் வெட்டிய நீண்ட சட்டம், 1858இல் கிடைத்தது. கி.மு. முதல் நூற்றாண்டு என்பது நெடுநாளைய கருத்து, கி.பி. 24 என்றும் வாதிடுகிறார்கள். சடங்குப் புத்தகங்களையும் அவை இருக்கும் பெட்டியையும் அது பயபக்தியோடு பேசுகிறது. திருட்டுக்குத் தண்டனையும் சொல்கிறது: சுதந்திர மனிதன் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும், அடிமை இரட்டிப்பாகவும் கொடுக்க வேண்டும், சவுக்கடியும் பட வேண்டும். ஓடிவந்த அடிமைகளுக்குக் கோயிலில் புகலிடம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹெலட்டுகளின் வாரிசுகளுக்கு அடிமைகள் இருந்தார்கள். அரிஸ்டோமெனிஸை உரக்க அழைத்த சந்ததிக்கு இந்த வரிகளை வெட்டும்போது கை நடுங்கியதாகத் தெரியவில்லை.

காவியம் வேண்டியவர்களை அழைக்கிறது. லெம்னோஸ்காரிகளை யாரும் அழைக்கவில்லை. பைலோஸின் நூற்கும் பெண்கள் நெஸ்டரின் புகழிலும் இல்லை, மெஸ்ஸீனேயின் வீரர் வரிசையிலும் இல்லை. அவர்களை வைத்திருப்பது, அவர்களைப் பற்றி அக்கறையே இல்லாத ஒரு கணக்குதான். கோதுமை இவ்வளவு, அத்திப்பழம் அதே அளவு. ஆகவே காவியத்துக்கு எதிராகப் பேரேட்டையோ, பேரேட்டுக்கு எதிராகக் காவியத்தையோ நிறுத்தும் விமர்சனம் எனக்கு இனி உதவாது. இது யாரை விட்டிருக்கிறது என்று இரண்டையும் கேட்கத்தான் வேண்டும். அந்த மதிப்புரையை இப்போது எழுதினால் அந்தக் கவிஞரையும் அதைத்தான் கேட்பேன்: உங்கள் வீரர்களின் வீட்டில் மாவரைத்தது யார்?

அந்த நகைக்கடன் பேரேட்டைப் பட்டியலில் சேர்த்து, கெடு முடிந்தது என்று குறித்து, இனிஷியல் போட்டேன். திங்கட்கிழமை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று.